ஜன்னலுக்கு நேரே ஒரு பாத்தி

ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் நீராவிக்கா. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஆள் உயரத்துக்கு நிற்கும் நீராவி இயந்திரம் அவள் பொறுப்பு. மேலே ஆபரேஷன் முடிந்து கறையோடு இறங்கி வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, காகித உறையில் போட்டு, நாடா ஒட்டி, உள்ளே அடுக்கிக் கதவைத் திருகிப் பூட்டுவாள். கொதிக்கும் நீராவி அழுத்தத்தோடு உள்ளே பாயும். வெளியே எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. இருந்ததும் இல்லை.

அந்த வேலைக்கு அவள் படித்து வரவில்லை, பட்டு வந்தாள். அவள் பெற்ற ஒரே குழந்தை, பிறந்த வாரத்திலேயே தொப்புளில் சீழ் வைத்துப் போய்விட்டது. கொடியை அறுத்த பிளேடு சுத்தமில்லை என்று சொன்னார்கள். அவள் வீட்டு அலமாரியில் இருந்த பிளேடுதான் அது. அதன்பிறகு புருஷன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனான், தேடிக்கொண்டே இருந்துவிட்டான். அவள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். இயந்திரத்தின் முன்னால் வேலை செய்தவர்களைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். இறங்கியவள் ஏறவே இல்லை.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. டம்ளர், கரண்டி, சீப்பு, தலையணை உறை எல்லாம் கொதிநீருக்குள் போய்த்தான் வரும். அவள் தங்கை இதைச் சொல்லிச் சிரிப்பாள். விட்டால் அக்கா என்னையும் ஒரு தரம் உள்ளே போட்டு வேகவைத்து எடுத்துவிடுவாள் என்பாள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

தங்கையை அவள் குட்டி என்றே கூப்பிட்டாள். குட்டிக்கு நாற்பது தாண்டியிருந்தது. நூற்பாலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் இளமை முழுவதும் நின்றவள். காற்றில் பறந்த பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போய்ப் படிந்தது. மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்ட பிறகு ஆலைக்காரர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்று அவளுக்கு இருந்தது அக்காதான். அக்கா தன் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு அதில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, தனக்குத் தரையில் பாய் விரித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, பின்மதில் வரை, கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த மண். அதில் யாரும் எதையும் நடவில்லை. முதல் வருடம் குட்டி அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது தானாகவே செடிகள் முளைத்தன, பூத்தன. அவற்றின் பெயர் இருவருக்கும் தெரியாது. குட்டியே வைத்தாள். நீல இதழில் சிவப்புப் புள்ளி வைத்தது பொட்டுக்காரி. காய்ந்த காயின் தலையில் துளை விழுந்து, ஆட்டினால் விதை சிந்துவது உப்புக்குடுவை. தொட்டால் போதும், நெற்று படாரென்று வெடித்து விதையை எங்கேயோ வீசிவிடும் மஞ்சள் பூவுக்குக் கோபக்காரன் என்று பெயர். அக்கா ஒருமுறை எரு வாங்கிவந்து போடப் போனபோது குட்டி தடுத்துவிட்டாள். எரு போட்டால் புல்தான் கொழுக்கும், இதுகள் ஏழை வீட்டில் பிறந்த பிள்ளைகள், சோற்றைக் கண்டால் சீக்கு வந்துவிடும் என்றாள். எல்லாம் படுத்தபடியே பார்த்துக் கற்றுக்கொண்டது. எந்தச் செடி எப்போது தலை சாயும், எந்தக் காய் எந்த வெயிலில் வெடிக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அவளுக்குப் பார்க்க வேறு என்ன இருந்தது?

வீட்டுக்காரர் ஒரு காலையில் வந்து வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போட்டு மேலே இரண்டு அறை எடுக்கப்போகிறாராம். பூக்காலம் முடிந்ததும் வீடு காலியாக வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கட்டிலில் கிடப்பவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார்.

அதே வாரம் நெஞ்சு டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த பூக்காலம் வரை தாங்குமா என்று அவள் கேட்டாள். அவர் மேஜை மேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அடித்தளத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அந்தப் "பார்க்கலாம்" என்ன என்று தெரியும்.

குட்டிக்கும் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு மருந்து மாத்திரை எதுவும் கூட வேணாம்க்கா. போற வீட்டுல ஜன்னலுக்கு வெளிய கொஞ்சம் மண்ணு இருந்தா போதும். இதுங்க இன்னொரு தரம் பூக்குறதப் பாத்துட்டுப் போயிடுறேன்."

"பாப்ப பாப்ப. நீ பாக்காம யாரு பாப்பாங்க?" என்றாள் அக்கா, தலையணை உறையைக் கழற்றிக்கொண்டே.

விதை எடுக்கும் வேலை அன்றிலிருந்து தொடங்கியது. குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்வாள், அக்கா வெளியே குனிந்து செய்வாள். உப்புக்குடுவையை வெயில் ஏறிய பிறகே தொட வேண்டும். காம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். கவிழ்த்தால் தானாகக் கொட்டுவதுதான் விதை, தட்டினால் கொட்டுவது பிஞ்சு. பொட்டுக்காரியின் பூத்தண்டில் அடியில் இருப்பது முதலில் முற்றும், நுனியில் அப்போதும் பூ இருக்கும், ஆகவே ஒரே தண்டுக்கு நாலைந்து தரம் வர வேண்டும். கோபக்காரனிடம்தான் பெரிய பாடு. வெடிப்பதற்கு முன்னால் விதை பச்சை, வெடித்த பிறகு விதை இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் வெட்டி ஒதுக்கிய கட்டுத்துணித் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நெற்றுக் கொத்துக்கும் சின்னத் தொப்பி மாதிரி போர்த்தி நூலால் கட்டினாள். மறுநாள் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் மண்டையில் கட்டுப் போட்ட செடிகள்.

"வார்டு மாதிரி இருக்கு. சாயங்காலம் ரவுண்ட்ஸ் உண்டா?" என்று குட்டி கேட்டாள்.

அளவு பார்க்க வந்த வீட்டுக்காரரும் அதைப் பார்த்து நின்றுவிட்டார். களைக்கு எப்போதம்மா அடிபட்டது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காவும் தங்கையும் முட்டிக்கொண்டார்கள். இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. குட்டி, கொஞ்சம் விட்டுவை என்றாள். எதற்கு, சிமெண்டுக்கா என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. மண்ணுக்கு என்றாள் குட்டி, அது கொடுத்ததுதானே. முணுமுணுத்துக்கொண்டே அக்கா ஒவ்வொரு செடியிலும் கொஞ்சம் விட்டுவிட்டு எடுத்தாள்.

எடுத்த விதையைக் காகித உறையில் போட்டு, வாயை மூடாமல், காற்றுப்படும் இடத்தில் பல நாள் வைக்க வேண்டும் என்பது குட்டியின் கண்டிப்பு. அப்படித்தான் வைத்தார்கள். கடைசியாக எடுத்த கோபக்காரன் விதை மட்டும் இன்னும் உள்ளுக்குள் பசுமையாக இருந்தது. வீடு மாறுவதற்கு முன்வாரம் குட்டிக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போய் வார்டில் சேர்த்து மூக்கில் குழாய் வைத்தார்கள். அக்கா தனியாக வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்துவிடுமே என்று எல்லா உறைகளையும் ஒன்றாக ஒரு தகர டப்பாவில் திணித்து மூடியை இறுக்கினாள்.

புது வீடு ஒற்றை அறை. பல வீடு பார்த்து, தண்ணீர் வரும் வீட்டையும் வெளிச்சமான வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு நேரே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் இருந்த ஒரே காரணத்துக்காக அவள் அதைப் பிடித்தாள். சாமான்களை இறக்கி, சுவரைத் துடைத்து, கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். மறுநாள் குட்டி வரவேண்டும். டப்பாவைத் திறந்தாள்.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரத்துணியை மூலையில் மறந்துபோனால் வருமே, அந்த வாசனை. உறைகளின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூசணம். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் டப்பாவை எட்டத்தில் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள். பூசணம் மட்டும் குட்டியை அண்டவே கூடாது, இப்போது இருக்கும் நிலையில் தாங்கமாட்டாள் என்று வார்டு டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். எறியவும் முடியாது. எறிந்தால் குட்டியிடம் என்ன சொல்வது? வைக்கவும் முடியாது.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளுடைய தொழிலில் எல்லாக் கெட்டதுக்கும் ஒரே வைத்தியம். பூசணத்தைத் தட்டி, விதைகளைப் புது உறைகளில் மாற்றி, நாடா ஒட்டி, அன்றைய கடைசிச் சுற்றில் கட்டுத்துணிகளோடு சேர்த்து உள்ளே வைத்துக் கதவைத் திருகினாள். கை செய்தது. விதை என்பது காய்ந்து செத்த பொருள், பஞ்சு மாதிரி, துணி மாதிரி என்ற நினைப்புத்தான் அந்த நேரம் மனதில் இருந்தது. குட்டிக்கு ஆகாதது எதுவும் அதில் மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். வெளியே எடுத்தபோது விதைகள் சுத்தமாக, உலர்ந்து, வாசனை இல்லாமல் இருந்தன. அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

குட்டி வந்து, நல்ல மழை ஒன்று விழுந்த மறுநாள் விதைத்தார்கள். விதையோடு மணலைக் கலந்து தூவச் சொன்னாள். தூவிய இடம் தெரிய மணல் உதவும். மேலே மண் தள்ளக் கூடாது, இதுகளுக்கு வெளிச்சம் படவேண்டும், காலால் மெல்ல மிதித்தால் போதும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். தூவுவதற்கு முன்னால் குட்டி கொஞ்சம் விதையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். ஏன் பளபளப்பே இல்லை என்றாள். காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பாத்தியில் புல் முளைத்தது. வேறு ஒன்றும் முளைக்கவில்லை. குட்டி தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புது இடம், கொஞ்சம் தாமதமாகும் என்று அவளே சமாதானம் சொன்னாள். பிறகு சமாதானம் சொல்வதை விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்தாள்.

ஆஸ்பத்திரி சலவைக்காரரிடம்தான் அக்கா முதலில் வாய்விட்டாள். பக்கத்து அறையில் போர்வை மடிப்பவர், வாய்த்துடுக்கு அதிகம், வேலை நேரத்தில் அவளை வம்புக்கு இழுப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. என்ன விதை, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே மடித்தவர், அவள் சொல்லி முடித்ததும் போர்வையைப் பாதியில் கீழே வைத்தார்.

"உள்ளயா போட்டு எடுத்தீங்க?"

"பூசணம் புடிச்சிருந்துச்சு."

"நீராவிக்கா, வெந்த விதை எங்கயாச்சும் முளைக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஊரில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்கிற பேச்சு, அவளே எத்தனையோ பேரிடம் சொன்ன பேச்சு. விதையை உள்ளே வைத்த அந்த ஒரு நேரத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று இயந்திரத்துக்குச் சோதனை நாள். வீரியமான கிருமி அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை மற்ற பொருள்களோடு உள்ளே வைத்து எடுத்து, பிறகு கதகதப்பான பெட்டியில் வளரவிட்டுப் பார்ப்பார்கள். எதுவும் வளராவிட்டால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முந்தைய குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கலங்கவில்லை, நிறம் மாறவில்லை. இத்தனை வருடமும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நிறைவு வரும். அன்று அதைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

மறைத்திருக்கலாம். மண் சரியில்லை என்றோ எறும்பு தூக்கிவிட்டது என்றோ சொல்லியிருந்தால் குட்டி நம்பியிருப்பாள். ஆனால் குட்டி அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே, அதை அவளால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். டப்பாவை, பூசணத்தை, இயந்திரத்தை.

குட்டி பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"உன் கையில எதுவுமே உயிரோட தப்பாதாக்கா?"

அலமாரியில் இருந்த அந்தப் பிளேடு முதல் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அது இருக்கிறது என்று தெரிந்துதான் குட்டி கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போடச் சொன்னாள். அக்கா தள்ளிப் போட்டாள்.

அதன்பிறகு அந்த அறையில் மாத்திரை நேரம், தண்ணீர், போர்வை தவிர வேறு பேச்சு இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அக்கா பழைய வீட்டுக்குப் போனாள். பின்பக்கம் முழுவதும் சிமெண்ட், வழுவழுவென்று, ஓர் இலை ஒட்ட இடமில்லாமல். மண் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். மேல் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி, இடிபாடு கொட்டும் பள்ளத்தில் போட்டுவிட்டார்களாம். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த மண்ணில் ஒன்றுமில்லையே அம்மா, எல்லாம் சுண்ணாம்பு என்றார்.

பள்ளம் ஊருக்கு வெளியே இருந்தது. உடைந்த சுவர், ஓடு, கழிப்பறைக் கோப்பை, இவற்றின் நடுவே சுண்ணாம்பு கலந்த மண் குவியல்கள், எல்லாம் ஒரே மாதிரி. விட்டுவைத்த விதை எந்தக் குவியலில், எத்தனை ஆழத்தில் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. செங்கல் தூள் அதிகம் தெரிந்த ஒரு குவியலிலிருந்து கையாலேயே வாரி ஒரு கோணியில் போட்டுக் கட்டினாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறி எரிந்தது. பஸ் படியில் கண்டக்டர் கோணியைப் பார்த்துவிட்டு, உள்ளே பிணமா என்று கேட்டார். தெரியலப்பா என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

புல்லைப் பிடுங்கிவிட்டு அந்த மண்ணைப் பாத்தியில் பரப்பினாள். குட்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. மண்ணைக் கொதிக்கவைக்கவில்லையா என்றும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டி வாய் துடைத்துவிடும்போது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள், ஏதோ முளைத்திருக்கிறது, புல் மாதிரித் தெரியவில்லை. குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அக்கா எழுந்தபோது குரல் வந்தது.

"கட்டிலை அந்தப் பக்கம் போடு."

இழுத்துப் போட்டாள். குட்டியால் இப்போது கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அக்கா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டாள். தங்கையின் எலும்புகள் தன் நெஞ்சில் குத்துவது தெரிந்தது. வெளியே நாலைந்து கன்றுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு இலை, ஓரம் ரம்பம் மாதிரி. குட்டி நெடுநேரம் பார்த்தாள்.

"இது நம்மளது இல்ல."

அக்கா அவளை மெல்லத் தலையணையில் சாய்க்கப் போனாள்.

"பொட்டுக்காரி இல்ல, கோபக்காரன் இல்ல. வேற எவனோ. புடுங்கிடாத," என்றாள் குட்டி. மூச்சு வாங்கிவிட்டு, "என்ன பூக்குதுன்னு பாப்போம்" என்றாள்.

மறுநாள் காலை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவன் என்று அவளே அதற்குப் பெயர் வைத்தாள். வந்தட்டி. முன்னே சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாத்திரை நேரத்துக்கு நடுவே, வந்தட்டிக்கு இன்று ஓர் இலை கூடியிருக்கிறது, வந்தட்டியின் தண்டில் மயிர் இருக்கிறது என்று பேச்சு வந்தது. மொட்டு எங்கிருந்து கிளம்பும், கணுவிலா நுனியிலா என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

மொட்டு கணுவில் வந்தது. அது பச்சையாக, இறுக மூடியிருந்த நாட்களில் ஒன்றில், அக்கா வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், குட்டி மூச்சு விடுவதை நிறுத்தினாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. மூடிவிட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு வந்தட்டி பூத்தது. பார்க்க ஒன்றுமில்லை. அழுக்கு வெள்ளையில், நகம் அளவுக்கு, கிட்டப் போனால் லேசாகக் கெட்ட வாசனை. அக்கா கட்டிலில், குட்டி கிடந்த இடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அதைப் பார்க்க வேண்டியவள் அவள் இல்லை.

பூ உதிர்ந்து நெற்று வைத்தது. எப்போது முற்றும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தாள், உள்ளே பால். இன்னொரு நாள் இன்னொன்றைப் பிதுக்கினாள், அப்போதும் பச்சை. காகித உறை ஒன்றை மடித்து ஜன்னல் கட்டையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கவிழ்த்துக் கொட்டும் வகையா, வெடிக்கும் வகையா, தொப்பி கட்ட வேண்டுமா என்று சொல்ல ஆளில்லை.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது நெற்றுகள் வாயைப் பிளந்து காலியாகத் தொங்கின. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து மண்ணைப் பார்த்தாள். எது விதை, எது செங்கல் தூள் என்று தெரியவில்லை. குடத்தை எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, விரலிடுக்கு வழியாக, மண் கலையாமல் ஊற்றினாள்.